‘ஐ’ என்பதா, ‘மீ’ என்பதா?



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றங்கரைக்கு அப்பால் உள்ளது அமரவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழ் வீடுகளில் பிள்ளைகள் வீட்டிலே தமிழும் வெளியிலே மலையாளமும் பேசி வளர்கின்றனர்.

அத்தகைய வீடொன்றில் ஓர் இளைஞன் தன் உத்தியோக விண்ணப்பத்தை என்னிடம் காட்டினான். தகவலைத் தன் தந்தைக்கும் தனக்கும் அனுப்புமாறு வேண்டிய இடத்தில், ‘டு மை ஃபாதர் அண்ட் ஐ’ என்று எழுதியிருந்தான். தவறு என்றேன். “வீட்டில் தமிழே பேசுவதால் வந்த வினை, சார்” என்றார் தந்தை. எனக்கு அது ஒப்பவில்லை.

“தம்பி, இதைத் தமிழில் சொல்” என்றேன்.

“அப்பாவுக்கும் எனக்கும் அனுப்புங்கள்.”

“‘அப்பாவும் நானும் அனுப்புங்கள்’ என்று ஏன் சொல்லவில்லை?”

பையன் சிரித்துவிட்டான்.

தமிழில் ‘உம்’ கொடுத்து எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஒவ்வொருவருக்கும் வேற்றுமை உருபு உண்டு. ஆங்கிலமோ பழங்காலத்தில் பெயர்ச்சொற்களுக்குப் பெற்றிருந்த உருபுகளில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ‘ஃபாதர்’ எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் ‘ஃபாதர்’தான். ‘ஐ–மீ’, ‘ஹீ–ஹிம்’, ‘வீ–அஸ்’ போன்ற சில பிரதிப்பெயர்களே உருமாறுகின்றன. மாறாத சொல்லின் அருகில் நிற்கும்போது மாறவேண்டிய சொல்லும் நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ‘மீ அண்ட் மை பிரதர் வென்ட்’ என்னும் சிறுவனை, ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்று சொல்லத் திருத்துகிறோம். அங்கே அது சரியே. அவனோ ‘ஐ’ என்பதே மரியாதையான சொல் என்றெண்ணி எங்கும் அதனையே வைக்கிறான். ஆங்கிலேயரும் இதற்கு விலக்கல்லர். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்திலேயே ‘பிட்வீன்’ என்பதற்குப் பின் ‘யூ அண்ட் ஐ’ வருகிறது! ஷேக்ஸ்பியர் எழுதினாரென்று விண்ணப்பத்தில் நாம் எழுத இயலாது.

ஆனால் தமிழ்ச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லுமிடத்து ஆங்கிலம் ‘ஐ’ என்றே தொடங்கும். மலையாளமும் இதில் நம் பக்கமே. ஒப்பீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். ‘என்னைவிட’ என்கிறோம், ஆதலின் ‘தேன் மீ’ இயல்பாக வாயில் வருகிறது. பேச்சில் ஆங்கிலேயரும் அப்படியே சொல்வர். ஆயினும் 1762இல் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லௌத், தொக்கு நிற்கும் வினையைக் கொண்டே அங்கு வேற்றுமையைத் துணிய வேண்டும் என்றார். வினையை வெளிப்படையாக்கி ‘தேன் ஐ ஆம்’ என்று எழுதிவிட்டால் எந்தப் பரீட்சகரும் குறை காணார்.

ஐயம் நேரும்போது உடன் நிற்பவரை நீக்கிப் பாருங்கள். ‘ஸெண்ட் இட் டு ஐ’ என்று எவரும் சொல்லார்.

பையன் அந்த ஓர் எழுத்தை அடித்து ‘மீ’ என்று திருத்தினான். “புதுத் தாளில் எழுது, மக்களே” என்றார் தந்தை.