கல் மிதப்பது எப்படி?

(நந்தனத்தில் பேசியது)



இந்த நந்தனத்துக்குப் பக்கத்திலேயே அடையாறு ஓடுகிறது. அதில் ஒரு கருங்கல்லைப் போட்டால் முழுகிப்போகும் என்பதற்கு யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள். ஆனால் ராமேசுவரத்தில் தொட்டித் தண்ணீரில் ஒரு கல் மிதப்பதைக் காட்டி, "இது ராமன் பெயரின் மகிமை" என்று சொன்னால், படித்தவர்களுங்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். மடியை அவிழ்த்துக் காசும் போடுகிறார்கள். கல் மிதப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. மிதப்பது மெய்தான், அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பொய்.

சிறு இரும்பாணி முழுகுகிறது. பெரிய மரக்கட்டை மிதக்கிறது. ஆதலால் எடை மாத்திரம் காரணமல்ல. அந்த எடை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். எடையைக் கன அளவால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி. ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம் எடை. ஆகவே தண்ணீரின் அடர்த்தி 1. அதற்குக் குறைந்த பொருள் மிதக்கும், மிஞ்சினது முழுகும்.

இதைக் கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. கல்லைத் தராசில் நிறுங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை மெல்ல விடுங்கள். மிதந்தால் ஊசியால் குத்தி முழுவதும் அமுக்குங்கள். வழிந்த தண்ணீரை அளந்தால் அதுவே கல்லின் கன அளவு. கருங்கல் 1350 கிராம் நிறுத்து, 500 மில்லி வழிந்தால் அடர்த்தி 2.7; முழுகும். மிதக்கிற கல் 300 கிராம் நிறுத்து, அதே 500 மில்லி வழிந்தால் 0.6, மிதக்கும். இதில் பெயருக்கு என்ன வேலை?

அப்படியும் கல் உண்டா என்பீர்கள். எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகும்போது உள்ளே காற்றறைகள் தங்கிப்போகின்றன. அதுவே நுரைக்கல். 1883-ல் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது இத்தகைய கற்கள் இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து சென்றன. அவற்றின்மேல் யார் பெயரை யார் எழுதினார்கள்? அந்த அறைகளில் தண்ணீர் ஏற ஏற, அதே கல் ஒரு நாள் முழுகியும் போகும்.

இரும்பின் அடர்த்தி 7.8. ஆனாலும் சென்னைத் துறைமுகத்தில் இரும்புக் கப்பல் மிதக்கிறது. உள்ளிருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1-க்குக் குறைவு என்பதுதான் இரகசியம். அதற்கு யாரும் கற்பூரம் கொளுத்துவதில்லையே!

தோழர்களே! நான் சொல்லுவதையும் நம்பவேண்டாம். கருங்கல்லில் அந்தப் பெயரை எழுதியும், நுரைக்கல்லில் ஒன்றும் எழுதாமலும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளை "ஏன் மிதக்கிறது?" என்று கேட்டால் வாயை அடக்காதீர்கள், அவன் கையில் தராசைக் கொடுங்கள்.