மழையில் கரையாத முகவரி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் மையைப் பற்றிப் பேசப் போகிறேன். பேனா மை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் கையில் இருக்கும் இந்தப் பழைய கடித உறையைப் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் நீலமாய்ப் பரவிக் கிடக்கிறது. மழை மேகம் மாதிரி. இதில் நான் 1976 அக்டோபரில் என் கைப்பட ஒரு முகவரி எழுதினேன். இப்போது அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் மாடியில் வாடகை அறையில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்கு எழுதப் படிக்க வராது. ஆகவே வீட்டுக் கடுதாசி எல்லாம் என் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். என் அப்பத்தா புதுக்கோட்டைச் சீமையில் திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தார். தீபாவளிக்குச் சிதம்பரம் கப்பலில் வருவதாக அப்பா ஆகஸ்டிலேயே எழுதச் சொல்லி, நானும் எழுதிவிட்டேன். சிதம்பரம் கப்பல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த பயணிகள் கப்பல் அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது.

ஆனால் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "வரலைன்னு ஒரு வரி போட்டுடுப்பா, கெழவி காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். போட்டேன். டவுனிங் ஸ்திரீட் பெரிய தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ப் போட்டேன்.

அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. அப்பத்தா ஒரு தூக்குச் சட்டியில் பலகாரம் கட்டிக்கொண்டு, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறி நாகப்பட்டினம் போயிருக்கிறார். அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போடும், ஆட்கள் படகில்தான் வருவார்கள். ஒவ்வொரு படகாய்ப் பார்த்திருக்கிறார். கடைசிப் படகும் வந்த பிறகு, அடுத்த நாளும் இருந்து பார்த்திருக்கிறார். இதெல்லாம் சித்தப்பா எழுதிய கடிதத்தில் எங்களுக்குத் தெரிந்தது. நான்தான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

நாலு மாதம் கழித்து இந்த உறை எங்களிடமே திரும்பி வந்தது. உள்ளே இருந்த கடிதம் சுத்தமாக இருந்தது. மழையெல்லாம் உறையே வாங்கிக்கொண்டது. அது ஐப்பசி மாதம், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம். நம் தீபாவளிக் கடிதங்கள் எல்லாம் சரியாக அந்த மழையில்தான் போய் இறங்கும். சரி, முகவரியே அழிந்த உறை எப்படித் திரும்பி வந்தது? பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரியைக் கீழ்க்கடைக் கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில். அது ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. இதோ, இன்றும் படிக்கலாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஒம் மையி என்னா மையி?" என்று மட்டும் கேட்டார்.

என் மை, தண்ணீரில் கழுவினால் போகும் மை. அம்மாதான் அதைப் பார்த்து வாங்கச் சொன்னார். "வெள்ளச் சட்டையில கொட்டிக்கிட்டு வருவ, கழுவுனா போற மையா வாங்கு" என்பார். ஒரு தாய்க்கு அது நியாயமான கவலை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பளிச்சென்ற நீல மைகள் பல அப்படித்தான் செய்யப்படுகின்றன. தண்ணீரில் கரைந்த சாயம், தாளில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். சட்டையைக் காப்பாற்றும் அதே குணம்தான் முகவரியைக் கொன்றது. இது மையின் குற்றமில்லை. எதற்கு எதை எடுப்பது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாததுதான் குற்றம்.

நம் முன்னோர் ஓலையில் எழுதும்போது இந்தத் தொல்லை இல்லை. எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தடவினார்கள். கரி போனாலும் கீறல் போகாது. தாள் வந்த பிறகுதான் மைக்கு வேலை கூடியது. தாளில் நிலைக்கும் மைக்கு நம்மவர் கண்ட வழி கடுக்காயும் அன்னபேதியும். கடுக்காய் கொடுத்தான் என்றால் ஏமாற்றினான் என்று பொருள். ஏமாற்றாத மைக்கு அதே கடுக்காய் தேவைப்பட்டது வேடிக்கைதான்! மேற்கு நாடுகளில் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க நாட்டு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதே மாசிக்காய். மலாய்ப் பெண்கள் மஞ்சாக்கானி என்பார்கள். லெபோ பசார் பக்கம் போனால் இரண்டு பெயரிலும் கேட்டுப் பாருங்கள்.

இதன் சூட்சுமம் எளிது. கடுக்காயிலும் மாசிக்காயிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது, டானின் என்பார்கள். அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பு. இரண்டும் சேர்ந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். தாளின் நாருக்குள் ஊறிய பிறகு காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்துப் போகும். கறுத்த பிறகு தண்ணீரில் கரையாது. கெட்டியான தேத்தண்ணியில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு நாலு நாள் வையுங்கள், கறுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். (அம்மாவிடம் கேட்டுவிட்டு, பழைய குவளையில்.) எழுதுகிறபோது கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று அதில் நீலச் சாயத்தைக் கலந்தார்கள். அதனால் வந்த பெயர்தான் புளூபிளாக். ஆனால் புளூபிளாக் என்று லேபிள் ஒட்டிய எல்லாப் புட்டியிலும் இன்று இரும்பு கிடையாது. பல வெறும் சாயம்தான். பெயரை நம்பாதீர்கள், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

நான் நேற்று மாலை ஊற்றிப் பார்த்தேன். மூன்று உறையில் என் வீட்டு முகவரியை எழுதி, ஒரு நாள் உலரவிட்டு, குழாயடியில் பிடித்தேன். பள்ளி நீல மை அரை நிமிடத்தில் போய்விட்டது. இரும்பு மையில் நீலம் ஓடியது, ஆனால் சாம்பல் கறுப்பில் எழுத்து நின்றது. பால்பாயிண்ட் அசையவே இல்லை. அதன் மை எண்ணெய்ப் பசை கொண்டது, தண்ணீருக்குப் பணியாது. ஊற்றுப் பேனாப் பிரியனான எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் வருத்தம்தான். என்ன செய்வது, உள்ளதைச் சொல்லவேண்டும்.

ஊற்றுப் பேனாவில்தான் எழுதுவேன் என்பவர்கள் இரும்பு மையை ஊற்றினால், பேனாவை மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள். அது கொஞ்சம் புளிப்பு மை, இரும்பு நிப்பை அரிக்கும். சித்திரக்காரர்களின் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் பேனா அதோடு சரி. வீட்டில் கழுவும் மைதான் இருக்கிறதா? முகவரி நன்றாக உலர்ந்த பின் வெள்ளை மெழுகுவர்த்தியை அதன்மேல் லேசாகத் தேயுங்கள். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடும். தபால்தலைப் பக்கம் தேய்க்க வேண்டாம், முத்திரை ஒட்டாது.

இன்னொன்று. அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் 1874-இல் பெர்ன் நகரில் தோன்றியது. ஒரு நாட்டில் ஒட்டிய தபால்தலைக்கு மறு நாட்டுத் தபால்காரர் நடக்கிறார் என்றால் அந்த ஏற்பாட்டால்தான். நாட்டின் பெயரைக் கடைசி வரியில், பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறார்கள். தமிழில் முகவரி எழுதுவது நமக்குப் பெருமை, எழுதுங்கள். ஆனால் நம் கடிதத்தை முதலில் பார்ப்பவர் பினாங்கில் பிரிக்கிறவர். அவருக்குத் தமிழ் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. நாட்டையும் ஊரையும் அவர் படிக்கும் எழுத்திலும், தெருவையும் பெயரையும் கிராமத்துத் தபால்காரருக்காகத் தமிழிலும் எழுதிவிடுங்கள்.

இந்தியாவில் ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-இல் வந்துவிட்டது. நான் இந்த உறையை எழுதியபோது அதற்கு நாலு வயது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்துக்கு 622 என்று தொடங்கும். அந்த ஆறு எண்ணை மட்டும் கணக்கப்பிள்ளையின் பேனாவில் எழுதியிருந்தால், கடிதம் அந்த வட்டாரத் தபாலாபீஸ் வரையாவது போயிருக்கும். "மலேயாக்காரன் அம்மா" என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். முகவரிக்கும் தேதிக்கும் மதிப்பெண் உண்டு. மையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பரீட்சைத் தாளில் மழை பெய்வதில்லையே. இப்போது யார் சார் கடுதாசி போடுகிறார்கள் என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. வாட்சாப் இருக்கிறது, உண்மைதான். என் பேத்தியும் அதில்தான் பேசுகிறாள். ஆனாலும் போன ஆண்டு அவள் படம் வரைந்து தபாலில் அனுப்பிய வாழ்த்து அட்டை என் மேசைமேல் இருக்கிறது. முகவரி எழுதியது ஜெல் பேனாவில். ஓர் ஓரம் நனைந்துதான் வந்தது, எழுத்து நின்றது. ஜெல் பேனாவிலும் சில நிற்கும், சில ஓடும். குழாயடிதான் நீதிபதி.

அப்பா 1979-இல் ஊருக்குப் போனார். அப்பத்தா நாகப்பட்டினத்துக்கு வரவில்லை. "வந்தா வூட்டுக்கு வருவான்" என்று சொல்லித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இந்த உறையை இப்போது முன்வரிசையில் கொடுக்கிறேன். ஒவ்வொருவராய்ப் பார்த்துப் பின்னால் அனுப்புங்கள். தண்ணீர்ப் புட்டி வைத்திருப்பவர்கள் மூடியைத் திருகிவிட்டுத் தொடுங்கள்.