குருதி கூறும் சாட்சி

வன்னிப் பெருநிலத்துக்குக் காய்ச்சல் புதியதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் காட்டோரக் கிராமங்களில் மலேரியாவின் குளிரை அறியாத முதியவர் அரியர். இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய இறுதி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், காசநோய் ஆகியன இன்னும் அகன்றில. இவற்றினிடையே, கிருமியின் தொற்றாக அல்லாமல், உடலின் காவற்படையே காரணமின்றிக் கிளர்ந்தெழுவதால் எரியும் காய்ச்சல் ஒன்றும் உண்டு. அது மிக அரிதான ஸ்டில் நோய்.

ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்னும் ஆங்கில வைத்தியர் 1897இல் இதனைச் சிறுவர்களிடம் கண்டு எழுதினார். 1971இல் எரிக் பைவாற்றர்ஸ் வளர்ந்தோர் 14 பேரிடமும் இதே நோயை விவரித்தார். பெரும்பாலும் மாலையில் வெப்பம் 39 பாகைக்கு மேல் ஏறும், காலையில் தணியும். காய்ச்சலோடு இளஞ்சிவப்புத் தடிப்புத் தோன்றி, அதனோடே மறையும். கருநிற மேனியில் அது கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. தொண்டை நோகும், முழங்காலும் மணிக்கட்டும் வலிக்கும், மண்ணீரல் வீங்குதலும் கூடும்.

இந்நோயை ஐயுறும் வைத்தியர் குருதியிலே தேடும் பொருள்களுள் ஒன்று பெரிற்றின் என்னும் புரதம். 1937இல் லாவ்பெர்கர் என்னும் செக் நாட்டு அறிஞர் குதிரையின் மண்ணீரலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். 24 கூறுகள் சேர்ந்தமைந்த உள்ளீடற்ற கோளம் அது. ஏறத்தாழ 4,500 இரும்பணுக்களைத் தன்னுள்ளே காக்கவல்லது. அதில் ஒரு சிறு பங்கே குருதியில் கலந்து ஓடும்.

இரணைமடுக் குளத்தின் அளவுகோல் நீரின் உயரத்தைக் காட்டும். மழை எந்தக் காட்டிற் பெய்ததென்று கூறாது. பெரிற்றினும் அத்தகையதே. சுகதேகிகளுக்கு அது பொதுவாக மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமுக்கு உட்பட்டிருக்கும். ஸ்டில் நோயில் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் உயரலாம். சிலரிடம் பல்லாயிரத்தையும் எட்டும். ஆனால் கடுந்தொற்றிலும், ஈரல் நோயிலும், அடிக்கடி குருதி ஏற்றப்பட்டோரிடமும் அது உயர்வதுண்டு. கிருமிக்கு இரும்பு கிட்டாதபடி உடல் தன் களஞ்சியத்தைப் பூட்டுவதே தொற்றில் நிகழும் உயர்வுக்கு ஒரு காரணம். ஆகவே இரும்புக் குறைவுள்ள ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால், அவருடைய பெரிற்றின் போதியதெனப் பொய்த்தோற்றம் தருவதும் உண்டு.

1992இல் யப்பானிய வைத்தியர் யமகுச்சியும் அவர் குழுவினரும் வகுத்த அளவைகளிலே பெரிற்றின் இடம்பெறவில்லை. காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு, வெள்ளணுப் பெருக்கம் முதலியவற்றையே அவர்கள் எண்ணினர். தொற்றும் புற்றும் பிற வாத நோய்களும் இல்லையெனத் தெளிதல் வேண்டும் என்றும் விதித்தனர். 2002இல் பிரெஞ்சு வைத்தியர் சிலர், சர்க்கரைப் பிணைப்புள்ள பெரிற்றினின் பங்கு நூற்றுக்கு 20 அல்லது அதற்குக் கீழே இறங்குவதை ஓர் அளவையாகச் சேர்த்தனர். அதுவும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதன்று.

இந்த நிதானம் ஏன்? ஸ்டில் நோயைத் தணிக்கும் ஸ்ரெரொயிட் மருந்து, மறைந்திருக்கும் காசநோயைப் பரவச் செய்யும். அஞ்சி மருந்தைத் தாமதித்தாலோ, காவலணுக்களே குருதியணுக்களை விழுங்கத் தொடங்கும் பேராபத்து நேரலாம். அப்பொழுது பெரிற்றின் விரைந்தேறும், குருதியணுக்கள் குறையும், உயிருக்கே தீங்கு நேரும். அவசரமும் பிழை, தயக்கமும் பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே வழிகாட்டுவது தனியோர் இலக்கமன்று. நோயாளியின் முழு வரலாறு.

அவ்வரலாற்றை எழுதுவோர் வீட்டாரே. வெப்பம் எந்நேரம் ஏறியது, எந்நேரம் இறங்கியது, தடிப்பு எப்போது தோன்றியது, நோயாளி எந்த வயலில் இறங்கினார், எந்தக் காட்டுக்குச் சென்றார் என்பனவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது எளிது. ஒரு வாரம் கடந்தும் விடாத காய்ச்சலை, 'பழைய காய்ச்சல்தானே' என்று வீட்டிலே வைத்திருத்தல் தகாது. பெரிற்றின் நல்ல சாட்சி. ஆயினும் ஒரு சாட்சியைக் கொண்டே வழக்கை முடிப்பது நீதியாகாது.