வைரப்பனா நடிச்ச நம்ம ஊர்ப் பொண்ணு

(சுதந்திர தின மாலை, அனுமந்தையில் பிள்ளைகளின் நாடகம் முடிந்ததும் நமது ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ரெண்டு நிமிஷம்தான், சாப்பாடு ஆறிடும்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் கொடியேத்துறோம், மிட்டாய் குடுக்குறோம், கலைஞ்சு போறோம். இந்தத் தடவை நம்ம பிள்ளைங்க வேதாரண்யத்தையே இங்க கொண்டு வந்துட்டாங்க. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில சுமார் நூறு பேர் திருச்சியில இருந்து உப்பு எடுக்க நடந்தாங்க. அவங்களுக்குச் சோறு போட்டா, தங்க இடம் குடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்க சோத்துப் பொட்டலத்த மரக்கிளையில கட்டித் தொங்க விட்டாங்க! யார் கட்டினதுன்னு எந்தப் போலீஸ் கண்டுபிடிக்கும்?

அதே போராட்டத்துல, போலீஸ்காரருக்குச் சவரம் பண்ண மாட்டேன்னு பாதியிலயே கத்தியைக் கீழ வெச்சுட்டு ஜெயிலுக்குப் போனவர் சவரத் தொழிலாளி வைரப்பன். இன்னைக்கு அந்த வேஷம் போட்டது ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு. அவங்க அம்மா மரக்காணம் உப்பளத்துல வேலை செய்றவங்க. ஒத்திகையில பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே உப்ப அள்ளுச்சுங்க. அந்த அக்காதான் நிறுத்தினாங்க: "வெறுங்கையால அள்ளுனா வெடிப்புல எரியும்டா. அது மூஞ்சியில தெரியணும்." எந்த டைரக்டரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. இன்னைக்கு முன்வரிசையில எழுந்து நின்னு கைதட்டினதும் அவங்கதான்.

ஆனா அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் நடிக்குமான்னு தெரியல. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு மேடை எதுக்கு"ன்னு சொந்தக்காரங்களே பேசுறாங்களாம். படிப்பு கெட்டுடும்னு இன்னொரு பேச்சு. நான் இன்ஜினியரிங் முடிச்சவன். முதல் இன்டர்வியூல பதில் தெரிஞ்சும் வாய் திறக்கல, கை நடுங்குச்சு. இந்தப் பிள்ளைங்க இருநூறு பேர் முன்னாடி திக்காம பேசுதுங்க. இதுல எந்தப் படிப்பு கெட்டுச்சு?

கூத்தாடிப் பொழப்புன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. நாடகத் தலைமையாசிரியர்னு நாம கொண்டாடுற சங்கரதாஸ் சுவாமிகள், மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி தூத்துக்குடியில உப்புப் பண்டகசாலைக் கணக்கர். உப்புல இருந்து வந்தவர்தான்! 1918-ல மதுரையில பிள்ளைங்களை வெச்சே ஒரு நாடக சபை ஆரம்பிச்சார். கண்ணுசாமிப் பிள்ளைன்னு ஒரு அப்பா தன் மூணு பசங்களை அதுல சேர்த்தார். அதுல சண்முகத்துக்கு அப்போ ஆறு வயசு. அவங்கதான் பின்னாடி டி.கே.எஸ். சகோதரர்கள். வெள்ளைக்காரன் காலத்துலயே 'தேசபக்தி'ன்னு நாடகம் போட்டாங்க. நாடகத்தைத் தடை பண்ணவே 1876-ல சட்டம் வெச்சிருந்த அரசாங்கம் அது. சுவாமிகள் 1922-ல காலமானது நம்ம பக்கத்துப் புதுச்சேரியில. சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.

இப்ப கேக்க வேண்டியதைக் கேட்டுடுறேன். ஐப்பசி மழை புடிச்சா உப்பளத்துல வேலை நிக்கும், அம்மாக்கள் கையில காசு இருக்காது, ஆனா சாயங்காலம் இருக்கும். ஜனவரி 26 நாடகத்துக்கு அப்போ ஒத்திகை வெச்சுக்கலாம். எட்டு மணி வரைக்கும் ஒரு இடமும் லைட்டும் வேணும். முடிஞ்சதும் பொண்ணுங்களை வீடு வரைக்கும் கொண்டு விட ரெண்டு பெரியவங்க வேணும். ஈசிஆர் ரோட்டைத் தாண்டணும், வண்டிங்க எப்படிப் பறக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அப்பாக்களும் வாங்க, எல்லாத்தையும் அம்மாக்கள் தலையில போடாதீங்க.

பேர் குடுக்குறவங்க மேடைக்குப் பின்னாடி என்னைப் பாருங்க. முதல் பேரை அந்த அக்கா இப்பவே எழுதிக் குடுத்துட்டாங்க, பொண்ணு பேரோட தன் பேரையும் சேர்த்து.