காத்திருப்பவரின் மணிக்கூடு

இன்று பட்டம் பெறும் இளையோரே!

இந்த ஊரின் துறைமுகத்திலிருந்தே தொடங்குகிறேன். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கிய ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கரையோரமாக நகரும் மணலை அதன் கல்லணைகள் மறித்தன. துறைமுக வாயிலை மணல் மூடியது. வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கடல் கரையை அரித்தது. வடிவமைப்பில் எது பிழைத்தது என்பதைப் பொறியியலாளர்கள் பேசட்டும். நான் எடுத்துக்கொள்வது நேரம் பற்றிய பகுதியை மட்டும். மணல் ஒரு தடவை வந்து நின்றுவிடுவதில்லை, ஆண்டுதோறும் வருகிறது. அதை அகழ்வதும் அப்படியே திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் நாம் நாளும் மணியும் குறிக்கிறோம், தவறாமல் கூடுகிறோம். விழா முடிந்த பின் வரும் சாதாரண மாதங்களுக்குத்தான் பொறுப்பாளி இல்லை. நம் அலுவலகங்களும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. ஊழியர் வந்த நேரத்தைக் கைவிரல் இயந்திரம் பதிகிறது. அவருடைய மேசையில் ஒரு கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்பதை எதுவும் பதிவதில்லை.

‘நம்மட ஆக்களுக்கு நேரம் தெரியாது’ என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது சோம்பலான விளக்கமாகவே படுகிறது. நோன்பு காலத்தில் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மஃரிப் வாங்குக்கு ஒரு நிமிடம் முந்தி யாராவது பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிறார்களா? போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிக்கும் நாளும், வட்டையிலிருந்து மாடுகளை அகற்றும் நாளும் தீர்மானமாகின்றன. பிந்தி விதைத்தவன் பிந்தி வெட்டும்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. ஆக, நேரம் தெரியாத மக்கள் என்று எவரும் இல்லை. குறித்த நேரம் எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டும் இடத்தில் அதைக் காக்கிறோம், கட்டாத இடத்தில் விட்டுவிடுகிறோம். இந்த நாட்டில் மணிக்கூடே கூட ஓர் உடன்பாடுதான். ஒலுவிலிலுள்ள இப்பல்கலைக்கழகம் முழுத் தகுதி பெற்ற அதே 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரலில் பழைய இடத்துக்கே திரும்பியது. அந்தப் பத்து ஆண்டும் ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்டுக் கேட்டே வாழ்ந்த நாடு இது.

இந்தியாவில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள், குறித்த நேரம் கட்டும் இடத்தில்தான் காக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ இரண்டிலும் பங்கேற்றவர். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகள் சிலவற்றில், ஆசிரியர்கள் நாளும் நேரமும் பதியும் கமராவால் மாணவர் ஒருவரைக் கொண்டு தம்மைப் படமெடுப்பிக்க வேண்டும். சம்பளமும் வந்த நாட்களைப் பொறுத்தே கிடைக்கும். கமரா இல்லாத பள்ளிகளில் வராமை 42 வீதமாக இருக்க, இங்கே 21 வீதமாக இருந்தது, பிள்ளைகளின் புள்ளிகளும் உயர்ந்தன. அதே மாவட்டத்தில் அரச சுகாதார நிலையங்களின் தாதியருக்கும் நேரப்பதிவு கொண்டுவந்தார்கள். முதல் மாதங்களில் வரவு நன்றாகவே கூடியது. பிறகு சுகாதார நிர்வாகமே ‘விலக்களிக்கப்பட்ட நாள்’ என்று தாராளமாகக் குறித்துக் கொடுத்தது. பதினாறு மாதத்தில் பலன் முற்றாகக் கரைந்துபோனது. இரு இடத்திலும் கருவி இருந்தது. தான் விதித்த நேரத்தைத் தானே மதித்த நிறுவனம் ஒன்றுதான். பணியாளரின் திறன் தேய்வதும் இந்த வழியில்தான். தான் உரிய நாளில் முடித்த வேலை அடுத்த மேசையில் மூன்று வாரம் கிடப்பதைப் பார்ப்பவர், அடுத்த முறை அவசரப்படுவதில்லை. இரண்டு மணிக் கூட்டம் மூன்றுக்குத்தான் தொடங்கும் என்று கண்டவர் மூன்றுக்கே வருகிறார். அவரைச் சோம்பேறி என்பது நியாயமில்லை, அவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்.

நேரக் கணக்கை விட, இருட்டும்வரை இருந்து உழைப்பதே அர்ப்பணிப்பு என்று சிலர் வாதிடலாம். முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளைப் பொருளியலாளர் ஜோன் பென்காவல் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு எழுபது மணித்தியாலம் உழைத்தவர்களின் உற்பத்தி, ஐம்பத்தாறு மணித்தியாலம் உழைத்தவர்களின் உற்பத்தியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. மேலதிகமான பதினான்கு மணித்தியால உழைப்பு ஏறக்குறைய வீண். இன்னொரு மறுப்பு கனமானது. கடலை நம்பி வாழும் ஊரில் மணிக்கூட்டை எல்லாவற்றுக்கும் அளவாக்கலாமா? ஆக்கக் கூடாது. கரைவலை மீனைப் பார்த்துத்தான் இறங்கும். ஆனால் வலை இழுக்கும்போது கயிற்றைப் பிடிக்கவேண்டியவர்கள் எல்லோரும் கரையில் நிற்பார்கள். நான் கேட்பது அந்த ஒழுங்கை மட்டும்தான். ஜும்ஆவுக்கும் நோன்புக்கும் ஏற்ப வேலை நேரத்தை நெகிழ்த்துவதும் இதற்கு முரணல்ல, அந்த நெகிழ்வு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தால்.

வேலைக்குப் புதிதாகச் சேரும் எங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லைதான். உங்கள் மேசைக்கு வந்த கடிதத்தில் வந்த திகதியையும் போன திகதியையும் எழுதும் அதிகாரம் இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் ‘நாளைக்கு வாங்க’ என்னாமல், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். அந்த நாளில் அந்த ஆளாக அங்கே இருக்கலாம். இதனால் ஆளணி வெற்றிடங்கள் நிரம்பப் போவதில்லை. ஆனால் பொத்துவிலிலிருந்து விடியப் புறப்பட்டு அம்பாறைக் கச்சேரிக்கு வருகிற கூலித் தொழிலாளி ஒருவர், ஒரு கையெழுத்துக்காக இரண்டாம் நாள் கூலியையும் இழக்காமல் வீடு திரும்புவார்.