கடைக் குத்தகையும் துண்டுச் சீட்டும்

(பசறையில் வணிகர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலே கடை வாடகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1948ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. அதே ஆண்டின் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகரத்து வாடகைக் குடியினரைக் கட்டட உரிமையாளரின் கெடுபிடியிலிருந்து காத்தது. லயத்தில் வாழ்ந்தவனோ வாடகைக் குடியுமல்லன். வேலையுள்ளவரை கூரை உண்டு. வேலை போனால் கூரையும் போயிற்று.

அந்த லயத்தினின்று புறப்பட்டு, தந்தையின் சேமலாப நிதியையும் மனைவியின் நகையையும் முதலாக்கி, இப்பசறைத் தெருவிலே ஒரு கடையைப் பிடிக்கிறான் நம் இளைஞன். காணியில்லாத அவனுக்கு அக்கடையே காணி. அதற்கு அவன் கையிலுள்ள ஆதாரம் என்ன? ஒரு துண்டுச் சீட்டு!

அண்மையில் ஒரு சிறு வணிகர் எம்மிடம் வந்தார். ஐந்தாண்டுக்கெனப் பேசி, இலட்சக்கணக்கில் முற்பணம் கொடுத்து, தட்டுகள் அடித்து, நிலத்துக்குச் சீமெந்து பூசிக் கடை நடத்தியவர். இரண்டாம் ஆண்டிலேயே, ஒரு மாதத்தில் வெளியேறுமாறு அறிவித்தல் வந்துவிட்டது. "ஐயா, முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்திருக்கிறோமே!" என்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். முத்திரையும் இருந்தது, கையெழுத்துகளும் இருந்தன. நொத்தாரிசு மட்டும் இல்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, உறுதியாக எழுதப்படவேண்டும். இல்லையேல் அந்த ஐந்தாண்டுக்குச் சட்டத்தில் வலுவில்லை. மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்குவதனால் மாத வாடகை ஒன்று மட்டுமே எஞ்சும். அதனை ஒரு முழு மாத அறிவித்தலோடு முடித்துவிடலாம். மோசடியைத் தடுக்கப் பிறந்த சட்டம் விவரமறியாதவனை வெளியேற்றவும் உதவுகிறது என்பது கசப்பான வேடிக்கை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். அக்காப்பு இடத்தையும் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியையும் பொறுத்தே அமைந்தது. அதை நம்பிக் கடை திறப்பது, மழையை நம்பி உழாமல் இருப்பதைப் போன்றது.

உறுதி எழுதினால் முத்திரைத் தீர்வை, கட்டணம் என்று செலவுதான். ஆனால் முற்பணத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு? எழுதினால் மட்டும் போதாது; பதுளைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். கட்டடம் கைமாறினாலும் குத்தகை கைமாறாது என்பது உரோம-டச்சுச் சட்டத்தின் பழைய நெறி. எனினும் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி, பதியாத உறுதியைப் பின்வந்த பதிந்த உறுதி முந்திவிடும். உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. விளங்காத மொழியில் எழுதியதற்கு ஒப்பமிடாதீர்கள். வெட்கமும் வேண்டாம், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

கட்டட உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். மரக்கறித் தோட்ட வருமானத்தில் தெருவோரம் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டோர் நம்மவரிலும் உளர். 'உறுதி எழுதினால் ஆள் எழும்பமாட்டான்' என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஒழுங்காக எழுதி வைத்தவர்க்கு அவ்வச்சம் வேண்டியதில்லை. கடைக்காரரும் முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளட்டும். புதுப்பிக்கும் உரிமை வேண்டுமாயின் அதையும் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

இனி, எவரும் எழுத விரும்பாத வாசகம் ஒன்று. 1983 யூலை 27ஆம் நாள் பதுளையிலே தமிழர் கடைகள் எரிந்தன. இரவுக்குள் தீ இதே வீதியில் நமக்கு அப்பாலுள்ள லுணுகலை வரை சென்றது. எரிந்த சரக்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எரிந்த வாடகை உரிமையைப் பற்றிப் பேசியவர் சிலரே. கட்டடம் முற்றாக அழிந்தால் வாடகை உறவும் அற்றுப்போகும் என்பதே பொது நெறி. சாம்பலை அள்ளிவிட்டுத் திரும்பி வருகிறவனுக்கு அவ்விடத்தில் உரிமையில்லை. உரிமையாளர் மீண்டும் கட்டி வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

ஆகவே எழுதுங்கள்: தீயாலோ கலவரத்தாலோ மண்சரிவாலோ கட்டடம் அழிந்தால் வாடகை நிற்கும், எஞ்சிய முற்பணம் இத்தனை நாளில் திரும்பும், மீளக் கட்டினால் முதல் உரிமை பழைய குத்தகைக்காரனுக்கே. மண்சரிவு என்பது வெறும் பேச்சன்று. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தவில் லயங்கள் புதையுண்டதை நம் மாவட்டம் மறக்கவில்லை. காப்புறுதி எடுப்போரும் கவனிக்க: சாதாரணத் தீக் காப்புறுதி கலவரத்தை உள்ளடக்காது. அதனைக் கேட்டு, மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நாளை காலை பத்து மணி முதல் இதே மண்டபத்தில் இருப்போம். உங்கள் சீட்டுகளையும் வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். பற்றுச்சீட்டே வாங்காதவர்கள் இன்றிரவே எழுதிக் கேட்கத் தொடங்குங்கள்.