சேற்றில் நின்று பாட்டுக் கேட்டவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மாலை இசை நிகழ்ச்சிக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "தலைப்பை நீயே வெச்சுக்கோப்பா, பத்து நிமிஷத்துக்கு மேல போகாதே" என்றார். நான் சேறு பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. காரணம் எனக்கும் தெரியும். போன சந்திப்பில் இந்த மைதானத்தைச் சமன் செய்து தருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திப் பொறுப்பேற்ற சிவில் இன்ஜினியர் அடியேன்தான். அதற்கு வருகிறேன். தப்பித்து ஓடமாட்டேன். அதற்கு முன் உங்களை இங்கிலாந்து வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் வர அனுமதி வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வொர்தி பண்ணை என்ற பால்பண்ணை. அப்பா இறந்ததால் 1954-ல், பத்தொன்பது வயதில், மாடுகளையும் கடனையும் சேர்த்துத் தலையில் ஏற்றுக்கொண்டவர் மைக்கேல் ஈவிஸ். 1970-ல் பக்கத்து ஊரில் நடந்த ஓர் இசை விழாவைப் பார்த்துவிட்டு வந்து, நம் வயலிலேயே ஒன்று நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த செப்டம்பர் 19-ம் தேதி நடத்தியும் விட்டார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். பண்ணைப் பால் இலவசம். வந்தது சுமார் 1,500 பேர். அதுதான் இன்று கிளாஸ்டன்பரி விழா என்று உலகமே அறிந்தது. இப்போது அந்த வயல்களில் ஐந்து நாட்கள் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர்.

நான் போனது 2016 ஜூனில். அப்போது பிரிஸ்டலில் வேலை. என்னோடு வந்தவன் நம் விடுதியில் என் அறைத்தோழன். இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், சொல்லவில்லை.

அந்த வருஷம் விழாவுக்கு முன்பிருந்தே மழை. நிலம் ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்தது. பிரிஸ்டலிலிருந்து சாதாரணமாக ஒரு மணி நேர வழி; எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. கார் நிறுத்தும் வயல்களே சேறாகிவிட்டதால் வண்டிகளை உள்ளே எடுக்க முடியவில்லை. புறப்படாதவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் புறப்படுங்கள் என்று விழாக்காரர்களே கேட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சேற்றைப் பார்த்ததில்லை என்று ஈவிஸே சொன்னார். லாரி லாரியாக மரச்சில்லுகளைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். சேறு அதையும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு கூடாரத்திலிருந்து அடுத்த மேடைக்கு, இங்கே கேன்டீனிலிருந்து நூலகம் போகிற தூரம்தான், அரை மணி நேரம். காலைத் தூக்கினால் பூட்ஸ் வராது, கால் மட்டும் வரும். வெள்ளிக்கிழமை காலை கூடாரத்துக்குள் ஈரக் காலுறையோடு படுத்திருக்கும்போதுதான் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகப் போகிறது என்ற ஓட்டெடுப்பு முடிவைக் கேள்விப்பட்டோம். சுற்றிலும் இளைஞர்கள் அழுதார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றியத்தைவிட உலர்ந்த காலுறை பெரிதாகத் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி என் நண்பனிடம் சொன்னேன்: "டேய், இனிமே என் ஜென்மத்துல இங்க வரமாட்டேன்." அவனும் சத்தியம் செய்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்க அனுமதியுங்கள். மண் இயக்கவியல் வகுப்பில் அட்டர்பெர்க் எல்லைகள் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? களிமண்ணில் தண்ணீர் கூடக்கூட, முதலில் பிசைகிற பதம் வருகிறது, அது பிளாஸ்டிக் லிமிட். இன்னும் கூடினால் வழிகிற பதம், அது லிக்விட் லிமிட். முதல் எல்லையில் இருக்கிற வலிமையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இரண்டாவது எல்லையில் மிஞ்சும். எழுபது கிலோ ஆள் நடக்கும்போது ஒரு பாதத்தின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைப் பத்தில் ஒரு பங்கு கிலோவாவது, அதாவது 0.35 கிலோ, அழுத்தம் விழுகிறது. வழிகிற பதத்தில் உள்ள களிமண் 0.1 கிலோ தாங்கினால் பெரிது. ஆகவே உள்ளே போகிறோம். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கணக்கில் வராத இன்னொன்றை அங்கே நின்றபோது கண்டேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கல்லூரி அல்ல, என் தாத்தாவின் வயல். நடவுக்கு முன் தண்ணீர் கட்டித் தொளி உழவு உழுவார்களே, எதற்கு? மண்ணைச் சேறாக மிதித்துக் குழப்பினால் அதில் இருக்கிற துவாரங்களெல்லாம் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் வயலில் நிற்கும். இரண்டு லட்சம் பேர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐந்து நாள் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்! மழை பாதி, மனிதக் கால் மீதி. மழை நின்றாலும் சேறு நிற்காததற்கு அதுதான் காரணம். புல்லின் வேர் அறுந்துவிட்டால் அப்புறம் எதுவும் பிடிக்காது. அதனால்தான் சில வருஷங்களுக்கு ஒருமுறை விழாவே வைக்காமல் நிலத்தைச் சும்மா போடுகிறார்கள். 2006, 2012, 2018 எல்லாம் அப்படி விட்ட வருஷங்கள். பால்காரருக்கு மாடு மேயப் புல் வேண்டுமே.

சரி, கதைக்கு வருகிறேன். ஞாயிறு ராத்திரி கடைசி நிகழ்ச்சி கோல்ட்ப்ளே குழு. அது முடிகிற நேரத்தில் எண்பது வயது ஈவிஸ் மேடைக்கு வந்து, ஃபிராங்க் சினாட்ரா பாடிப் பெயர்பெற்ற 'மை வே' பாட்டைப் பாடினார். குரல் சுமார்தான். பாடகர் இல்லையே, பண்ணைக்காரர்தானே. ஆனால் அத்தனை கூட்டமும் சேற்றில் நின்று கூடவே பாடியது.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் கார் அச்சு வரை புதைந்திருந்தது. இருவரும் தள்ளினோம், சக்கரம் சுற்றி எங்கள் மேலேயே சேற்றை வாரி அடித்தது. ஆனால் வயலுக்கு வயல் டிராக்டர்கள் நின்றன. ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, சங்கிலியை மாட்டினான், இழுத்தான், கையைக் காட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான். காத்திருந்த நேரத்தில் பின்னால் நின்ற வயதான தம்பதி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் தார்ச்சாலை ஏறிவிட்டோம்.

அக்டோபர் 9-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்த வருஷ டிக்கெட் விற்பனை. எட்டே முக்காலுக்கு நானும் அவனும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சத்தியம் செய்தவர்கள்தான்! எங்களைப் போலவே ஊரே உட்கார்ந்திருந்தது போலும். ஐம்பது நிமிஷத்தில் மொத்தமும் தீர்ந்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று முழுக்க இவன் என்னோடு பேசவில்லை, என் இன்டர்நெட் இணைப்புதான் மெதுவாம்.

ஆக, சேறு ஆளை விரட்டாது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த ஆங்கிலேயர் இருந்தார். 2007 விழாவுக்குப் போனவர், அதற்கப்புறம் போகவே இல்லை. 2007-லும் அடைமழை. அடுத்த வருஷ டிக்கெட்டுகள் 2008 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது, வழக்கம்போல் ஒரே மூச்சில் போகவில்லை, தேங்கி நின்றன. ராப் பாடகர் ஜே-இசட்டை முக்கிய மேடையில் போட்டதுதான் காரணம் என்று சிலர். போன வருஷச் சேறுதான் என்று வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் இருக்கலாம். நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "மழையா? மழை எங்களுக்குப் பழக்கம்தானே" என்றார். திங்கட்கிழமை மேற்குப் பக்கக் கார் நிறுத்துமிடத்தில் ஒன்பது மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தாராம், சின்னப் பெண் குழந்தையோடு. என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லவில்லையாம். நான்கு நாள் கேட்ட பாட்டில் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. அந்த ஒன்பது மணி நேரத்தை மட்டும் நிமிஷம் நிமிஷமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை எங்கே படித்தாலும் எனக்கு ஒரு கண். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2015-ல் டுமாரோவேர்ல்ட் என்ற விழா. மழை, சேறு, பேருந்துகள் வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் மைல்கணக்காக நடந்தார்கள், சாலையோரத்தில் படுத்தார்கள். அந்த விழா மறுபடி நடக்கவே இல்லை. நடத்திய நிறுவனம் திவாலானதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு நேர் எதிர் ஜெர்மனியின் வாக்கன். 2023-ல் அங்கே அப்படி ஒரு மழை. அவர்கள் துணிந்து வாசலை மூடினார்கள். வழியில் இருப்பவர்களே திரும்பிப் போங்கள், பணத்தைத் தருகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். எண்பத்தைந்தாயிரம் பேர் வர வேண்டிய இடத்தில் சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் உள்ளே. அடுத்த வருஷ டிக்கெட்? சில மணி நேரத்தில் காலி.

சேற்று வயல் அல்லாத இடத்தையும் பாருங்கள். 1999 உட்ஸ்டாக் விழாவைப் பழைய விமானப்படைத் தளத்தில் வைத்தார்கள். கான்கிரீட், தார். எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்கு ரொம்பப் பிடித்த தளம்! கொதிக்கிற ஜூலை வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் நான்கு டாலர். கடைசி ராத்திரி தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நம் மைதானம். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். போன சந்திப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அரை அடி செம்மண் கொட்டினேன். ரோலர் இரண்டே ஓட்டம். சரிவு வைக்கவில்லை, வடிகால் வெட்டவில்லை. டிசம்பர் மாதம், நம் ஊர், மழை வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வந்தது. மெல்லிசைக் குழு மூன்றாவது பாட்டோடு நிறுத்தியது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இந்த வருஷம் வந்திருக்கும் தொகை அதைவிடக் குறைவு. இனிமேல் நகரத்தில் ஏதாவது ஓட்டல் ஹாலில் வைத்துக்கொள்ளலாம், ஏ.சி. இருக்கும், கால் நனையாது என்று ஒரு கடிதம் சுற்றுக்கு வந்திருக்கிறது. நாளை பொதுக்குழுவில் அதுதான் விவாதம். கடிதம் எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுத வைத்தது என் செம்மண்.

ஆனால் வராதவர்களில் பதினேழு பேருக்கு நானே போன் செய்தேன். அவர்களில் ஒருவர் நம் மூத்த அண்ணன், எழுபதைத் தாண்டியவர். ஒரு சந்திப்பைக்கூட விட்டதில்லை. "சேத்துக்கு பயந்தா அண்ணே வரல?" என்று கேட்டேன். "தம்பி, நான் விவசாயி மவன், எனக்கு சேறு என்ன புதுசா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: அன்று ராத்திரி கிழக்கு வாசல் பக்கம் அவர் கார் புதைந்துவிட்டது. விளக்கும் இல்லை. ஒன்றரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், மாத்திரை போடும் நேரமும் தாண்டிவிட்டது. "பொடியன்களெல்லாம் மோட்டார் சைக்கிளில் பக்கத்தாலதான் போனாங்க. யாரும் நின்னு கேக்கலப்பா."

அந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்று என்னுடையது. இருட்டில் ஒரு கார் நின்றதைப் பார்த்தேன். யாரோ டிரைவர் என்று நினைத்துப் போய்விட்டேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த முறை நானும் என் வகுப்பு நண்பர்கள் ஆறு பேரும் மூன்று வார இறுதிகள் இங்கே வேலை செய்தோம். பழைய செம்மண்ணை வழித்து எடுத்துவிட்டோம். மேடையிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் வாய்க்கால். கிழக்கு வாசல் வரைக்கும் ஜல்லி போட்டு, மேலே கிரஷர் தூள் போட்டு, ரோலர் ஓட்டிய பாதை. ஓட்ட எண்ணிக்கையை இந்த முறை எண்ணினேன். வானம் வடகிழக்கில் கறுத்துத்தான் இருக்கிறது, பார்க்கிறீர்கள். மழை வராது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

வாசலில் இரண்டு டிராக்டர்கள், சங்கிலியோடு, நிற்கின்றன. நிகழ்ச்சி முடிந்து கடைசிக் கார் தார்ச்சாலை ஏறும்வரை அவை நகராது, நாங்கள் ஏழு பேரும் நகரமாட்டோம். பச்சைத் துண்டு போட்டிருப்பவர்கள் நாங்கள்தான். வயதானவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் தயவுசெய்து ஜல்லிப் பாதையை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். மழை பெரிதானால் எத்தனை மணிக்கு நிறுத்துகிறோம், எந்த வழியாகப் போகவேண்டும் என்று கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த மைக்கிலேயே சொல்வோம்.

அண்ணனையும் இன்று வரச் சொல்லிக் கூப்பிட்டேன். நானே காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்றேன். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகவேண்டும், அதனால் இதோடு விடைபெறுகிறேன். பாட்டுக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். வணக்கம்.